மடியிற் கிடத்தி மீட்டும் கிற்றார்

கிற்றார் என்றதும் நம்மிற் பெரும்பாலோருடைய மனக்கண்முன் தோன்றுவது, வாரொன்றினால் தோளிலே தொங்கவிட்டு நின்றபடியே அதனை வாசிக்கும் இளைஞன் ஒருவனின் உருவமே. அந்த வாத்தியத்தையே மடியில் மல்லாத்திக் கிடத்தி, இடக்கை விரல்களால் தந்திகளை அழுத்துவதற்குப் பதிலாக வழவழப்பான உருக்குத் தண்டு ஒன்றை அவற்றின்மேல் ஓடவிட்டு, வலக்கையால் மீட்டுகின்ற முறையொன்றும் உண்டு. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குத் தாவாமல் வழுகிச் செல்வதும், மனிதக் குரலைப்போல விம்மியும் குழைந்தும் ஒலிப்பதுமான அந்த நாதத்தை, வானொலிப் பெட்டி வீட்டின் நடுக்கூடத்தில் வீற்றிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நிச்சயமாகக் கேட்டிருப்பார்கள். ஆயினும் அது எந்த வாத்தியத்தின் ஒலி என்று அறிந்திருந்தவர்கள் சிலரே. ஹவாயன் கிற்றார் என்று அக்காலத்தவரும், ஸ்டீல் கிற்றார் என்று இக்காலத்தவரும் அதனை வழங்குவர். ஐம்பதையும் அறுபதையும் கடந்தபின் ஒரு வாத்தியத்தையேனும் கற்றுவிடவேண்டும் என்ற அவாவுடன் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு, வீணையையும் வயலினையும் புல்லாங்குழலையும் சொல்வதற்கு முன் நான் சொல்வது இந்த வாத்தியத்தையே. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் இதனை மடியில் ஏற்றவன் என்ற முறையில், அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

வெள்ளவத்தையில் வசிப்பவர்களுக்கு மாலைநேரத்து ஒலிகள் பழக்கமானவை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நடந்தால், ஒரு வீட்டில் சரளி வரிசை, அடுத்த மாடியில் மிருதங்கச் சொற்கட்டு, அதற்கப்பால் சலங்கை ஒலி என்று கேட்டுக்கொண்டே புகையிரதப் பாதைவரை போய்விடலாம். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் அரங்கேற்றங்களைப் பார்த்துப் பார்த்து, தாமாக ஒரு சுரமும் வாசித்தறியாத பெற்றோர்களுங்கூட ராகங்களை இனங்காணும் சக்தியைப் பெற்றுவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனையிலோ, புனித லூசியாள் பேராலயத்தின் நிழலில் வளர்ந்த குடும்பங்களுக்கு ஆர்மோனியமும் வயலினும் கிற்றாரும் வீட்டுப் பொருள்கள். பாடகர் குழுவிலே பல குரல்கள் இணைந்தொலிக்கும் சங்கீதம் அவர்களுக்குச் சிறுவயது முதலே செவிப்பழக்கம். பிள்ளைகளை வகுப்புகளுக்கு அழைத்துச் சென்று, செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசலருகே காத்திருந்து, அவர்களுடைய பாடங்களையெல்லாம் தம்மையறியாமலே மனனஞ் செய்துவிட்ட தாய்மாரும் தந்தைமாரும் இவ்விரு இடங்களிலும் எத்தனையோ பேர். கேட்டுக் கேட்டுப் பண்பட்ட அந்தச் செவியை ஒரு மூலதனமாகவே நான் கருதுகிறேன். அதனை மிக விரைவாகப் பயனுக்குக் கொண்டுவரக்கூடிய வாத்தியம் ஸ்டீல் கிற்றார்.

இதன் வரலாறு ஒரு தீவிலே தொடங்குகிறது. பசிபிக் சமுத்திரத்தின் ஹவாயித் தீவுகளுக்கு, 1830களில் மெக்சிக்கோ தேசத்து மாட்டிடையர்கள் கிற்றாரைக் கொண்டுவந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற கிற்றார்களைத் தீவினர் தம் செவிக்கு இசைந்தவாறு தளர்த்திச் சுருதி கூட்டிக்கொண்டார்கள். 1879ஆம் ஆண்டு மதேயிராத் தீவிலிருந்து போர்த்துக்கேயத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பலில், சிறிய நான்கு தந்தி வாத்தியமொன்றும் வந்து சேர்ந்து உகுலேலேயாக உருமாறியது. போர்த்துக்கேயரின் இசை வந்து தங்கிய இன்னொரு தீவில் வாழ்பவர்களாகிய நமக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது. பைலாப் பாட்டைக் கேட்டு வளர்ந்த கொட்டாஞ்சேனைக்காரருக்கு அது எளிதில் விளங்கும்.

ஒவாகுத் தீவின் லாயியே என்னும் ஊரில் பிறந்த ஜோசப் கெகுக்கு என்ற மாணவன், ஹொனலூலுவிலுள்ள கமெஹமெஹா பாடசாலையிற் படிக்கும் காலத்தில், உருக்குத் துண்டு ஒன்றைத் தந்திகளின்மேல் ஓடவிட்டு வாசிக்கும் முறையை வகுத்தான் என்பதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட வரலாறு. தண்டவாளத்தின் அருகே கண்டெடுத்த இரும்பாணியைக் கிற்றாரின்மேல் உரசவிட்டதில் அவனுக்கு இந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை; சீப்பையும் கத்தியையும் வைத்துச் சோதித்தான் என்று இன்னொன்று. இதற்குச் சற்று முன்னரே, இந்தியாவிற் பிறந்து, கப்பற் கப்பித்தான் ஒருவனாற் கடத்தப்பட்டு, இறுதியில் ஹொனலூலுவை வந்தடைந்த கேபிரியேல் டேவியன் என்பவன் கிற்றாரைப் புதுவிதமாக வாசித்துக் காட்டினான் என்றொரு செய்தியும் ஹவாயியில் வழங்கி வருகிறது. இதற்கு மேலதிக ஆதாரங் காட்டுவது கடினம். ஆனால், தந்திகளின்மேல் கட்டையை ஓடவிட்டு வாசிக்கும் நமது கோட்டுவாத்தியத்தைக் கேட்டறிந்த தமிழனுக்கு அந்தச் செய்தி ஏற்படுத்தும் சிலிர்ப்பை நான் மறைக்கப் போவதில்லை.

கெகுக்கு 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் புறப்பட்டான். 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் ஹவாயி இசையைக் கேட்ட மக்கள் அதன் மீது மோகங் கொண்டார்கள். இசைத்தட்டுகள் உலகெங்கும் பரவின. பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. வணிக ரீதியில் வெற்றிபெற்ற முதலாவது மின்கிற்றார், 1932இல் அலுமினியத்தில் வார்க்கப்பட்டு, பொரிக்குஞ் சட்டியின் உருவத்தை ஒத்திருந்தமையால் அப்பெயராலேயே பிரசித்தியடைந்த, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிற்றாரேயாகும். இன்று மேடையை அதிரவைக்கும் மின்கிற்றார்கள் அனைத்துக்கும் மூத்தது இந்தச் சாந்தமான வாத்தியமே. பிற்காலத்தில் இதற்குக் கால்களும் மிதிகளும் பொருத்தப்பட்டுப் பெடல் ஸ்டீல் என்னும் பெரிய யந்திரமாக அமெரிக்கக் கிராமிய இசையில் நிலைபெற்றது. கற்கத் தொடங்கும் முதியவருக்கு அது வேண்டியதில்லை. இரண்டு கைகளோடு இரண்டு கால்களையும் முழங்கால்களையும் தனித்தனியே இயக்கவேண்டிய அந்த வாத்தியத்தை ஒதுக்கிவைத்து, மடியில் வைக்கும் எளிய வகையுடன் நின்றுவிடுவதே விவேகம்.

ஆசியாவுக்கு இந்த இசையைக் கொண்டுவந்தவர்கள் கப்பலேறி ஊர் ஊராகக் கச்சேரி செய்த ஹவாயிக் குழுவினர். அவர்களில் நம் பகுதிக்கு மிகவும் பயன்பட்டவர் டாவ் மோ. 1928இல் ஹவாயியை விட்டுப் புறப்பட்ட இவர், 1940களிற் பல வருஷங்கள் கல்கத்தாவிலே தங்கிக் கச்சேரி செய்ததுடன், அந்நகரத்து இளைஞர்களுக்கு இந்த வாத்தியத்தைக் கற்பிக்கவுஞ் செய்தார். வங்காளத்தில் ரவீந்திரரின் கீதங்களை ஹவாயன் கிற்றாரில் வாசிக்கும் வழக்கம் வீடுதோறும் பரவியதும், பம்பாய்த் திரைப்படங்களில் அதன் விம்மல் ஒலித்ததும் இதன் பிறகே. இதனை ராக சங்கீதத்துக்கு உரிய வாத்தியமாக உயர்த்தியவர் ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா. சரோத் மேதை அலி அக்பர் கானிடம் பயின்ற இவர், 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகிய இருவருடனும் சேர்ந்து வெளியிட்ட 'கால் ஆஃப் த வேலி' என்னும் இசைத்தட்டு, கிற்றாரைச் சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் சமானமான ஆசனத்தில் அமர்த்தியது. அவருடைய சிஷ்யராகிய கல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாச்சார்யா தாமே புதிய கிற்றார் வகைகளை வடிவமைத்தார். ஜெய்ப்பூரின் விசுவமோகன் பட், கிற்றாருடன் அனுநாதத் தந்திகளைச் சேர்த்து 20 தந்திகள் கொண்ட மோகன வீணையை ஆக்கி, அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்காக 1994இல் கிராமி விருதைப் பெற்றார்.

இவையெல்லாம் வடநாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. மெட்டுகளில்லாத வீணையின்மேல் வழவழப்பான கட்டையொன்றை ஓடவிட்டு வாசிக்கும் கோட்டுவாத்தியம் தஞ்சை மண்ணில் செழித்த வாத்தியம். சித்திரவீணை என்று இன்று அழைக்கப்படுவதும் அதுவே. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதன் பெரும் வித்துவான். அவரிடம் இளமையிற் பயின்ற செம்மங்குடி ஸ்ரீநிவாஸ ஐயர் வாய்ப்பாட்டுக்காரராகவே வாழ்ந்தார் என்றாலும், ராகத்தை இழைத்து இழைத்து விரிக்கும் அவருடைய வழிக்குப் பின்னால் அந்தத் தந்திகளின் தொடர்நாதம் இருந்திருக்கும் என்று எண்ணுவது எனக்கு எப்பொழுதுமே இன்பந் தருவது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரமே மூங்கிற் கட்டையால் உரசி வாசிக்கும் ஏகதந்திரி வீணையைச் சிறப்பித்துக் கூறுகிறது. ஆதலால், மடியிலே கிற்றாரைக் கிடத்தி உருக்குத் தண்டைக் கையிலெடுக்கும் தமிழ் முதியவர் மேல்நாட்டு மோகத்துக்கு ஆளாகிவிட்டார் என்று எவரேனும் குறை கூறினால், அவர் நமது சங்கீத சரித்திரத்தை அறியாதவர் என்றே கொள்ளவேண்டும்.

இனி, வாத்தியத்தின் இயல்பை நோக்குவோம். சாதாரணக் கிற்றாரின் ஆறு தந்திகளில் மூன்றைத் தளர்த்தி, மந்தரத்திலிருந்து முறையே டி, ஜி, டி, ஜி, பி, டி என்று ஐரோப்பியர் வழங்கும் சுரங்களில்—அதாவது நம்முடைய வழக்கில் 5 கட்டைச் சுருதியை ஸட்ஜமாகக் கொண்டு ப, ஸ, ப, ஸ, க, ப என்று—சுருதி கூட்டுவது ஆரம்பநிலையினருக்கு மிகவும் ஏற்ற முறை. எந்தத் தந்தியையும் கூடுதலாக இறுக்க நேராமையால் தந்தி அறுந்துவிடும் பயமும் இல்லை. தம்புராவில் நாம் கேட்டுப் பழகிய பஞ்சமமும் ஸட்ஜமும், அவற்றுடன் அந்தர காந்தாரமும் திறந்த தந்திகளிலேயே குடியிருக்கின்றன. ஒருமுறை எல்லாவற்றையும் வருடினாலே காதுக்கு நிறைவான ஓர் இசைவு பிறக்கிறது. பெண்கள் பலர் பாடும் சுருதியும் அதனையொட்டியே அமைவதால், வீட்டில் பாடத்தெரிந்த மகளோ மருமகளோ இருந்தால் அவளுடன் சேர்ந்து வாசிப்பதற்கும் வசதி.

கழுத்தின்மேல் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள். நமது சங்கீதத்துக்கும் பன்னிரண்டு சுரத்தானங்கள். ஸட்ஜமாகச் சுருதி கூட்டிய மூன்றாந் தந்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, 1, 4, 5, 7, 8, 11, 12 என்னும் மெட்டுகளுக்கு நேர்மேலே தண்டை வரிசையாக நிறுத்தி மீட்டினால், சரளி வரிசையிற் பிள்ளைகள் பாடும் மாயாமாளவகௌளை வந்துவிடுகிறது. 2, 4, 7, 9, 12 என்று நிறுத்தினால் மோகனம். ஒரே தந்தியில், ஒரு கைத்தண்டின் நேர்கோட்டு ஓட்டத்தில், நாம் ஆயுள் முழுதும் கேட்ட ராகங்களைக் கண்ணாற் பார்க்கக்கூடிய இடங்களாக அடையாளங் காண்பது எத்தகைய ஆனந்தம் என்பதை அனுபவித்தவரே அறிவர். ராகமென்றால் ஏதோ தெய்விகப் பிரசாதம் என்று தூரநின்று வணங்கியவர்களுக்கு, அது கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

ஆனால் மெட்டுகள் இந்த வாத்தியத்தில் வழிகாட்டிகளேயன்றி எஜமானர்கள் அல்ல. சாதாரணக் கிற்றாரில் விரல் எங்கே அழுத்தினாலும் சுரத்தின் இடத்தைத் தீர்மானிப்பது உலோக மெட்டு. இங்கே அதனைத் தீர்மானிப்பது தண்டு நிற்கும் இடம். 650 மில்லிமீற்றர் நீளமுள்ள தந்தியில் நான்காவது மெட்டு தலைப்பக்கத்திலிருந்து 134 மில்லிமீற்றரில் இருக்கிறது. தம்புராவின் நாதத்துடன் முழுமையாகக் கலந்து இழையும் அந்தர காந்தாரமோ, தந்தியின் ஐந்திலொரு பங்கில், அதாவது 130 மில்லிமீற்றரில் பிறக்கிறது. மெட்டின்மேல் தண்டை நிறுத்தி மீட்டுங்கள். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு உன்னிப்பாகக் கேளுங்கள். சுரத்துக்கும் சுருதிக்குமிடையே அலையலையான மெல்லிய ஒரு நடுக்கம் கேட்கும். இப்பொழுது தண்டைத் தலைப்பக்கமாக மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். அலை மெதுவாகும், நீளும், ஓரிடத்தில் முற்றாக அடங்கிவிடும். அங்கே காந்தாரம் சட்டென்று பிரகாசமடைந்து ஒலிக்கும். தண்டு அப்போது மெட்டுக்கு இப்பால் 4 மில்லிமீற்றர் தள்ளி நிற்பதைக் கண் பார்க்கும். இதுதான் சரியென்று காது சொல்லும். பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் அரை மில்லிமீற்றருக்கு மேற்படாது. சமமாகப் பங்கிடப்பட்ட மேல்நாட்டு மெட்டுக்கும், இயற்கையின் கணிதத்திற் பிறந்த சுரத்துக்கும் உள்ள பேதத்தை, எந்தப் புத்தகத்தின் துணையுமின்றி, சொந்தக் கையினாலே அளந்தறியும் கணம் அது. விஞ்ஞானமும் கணிதமும் கற்ற விபுலாநந்த அடிகள், 1947இல் அரங்கேறிய யாழ்நூலிலே சுருதிகளைக் கணித நெறியில் ஆராய்ந்து எழுதிய பகுதிகளை, இந்தச் சோதனையைச் செய்துபார்த்தபின் திரும்பப் படித்தபோது, முன்னர் வெறும் எண்களாகத் தெரிந்தவை எனக்கு ஒலிகளாகவே கேட்டன.

ராகங்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சுருதியமைப்பு இடங்கொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாந் தந்தியில் அந்தர காந்தாரம் திறந்தே கிடப்பதால், சாதாரண காந்தாரத்தைக் கொண்ட தோடியையோ கரகரப்பிரியாவையோ ஆபேரியையோ வாசிக்கும்போது, கை தவறி அந்தத் தந்தியிற் பட்டுவிட்டால் ராகமே கலைந்துவிடும். அப்போது பிரடையைத் திருப்பி அந்தத் தந்தியை ஒரு சுரத்தானம் இறக்கிக்கொள்ளலாம். இந்திய வித்துவான்கள் சேர்ந்திசைக்காக அமைந்த இந்தத் தந்தியமைப்பையே மாற்றி, சுருதித் தந்திகளைச் சேர்த்துக்கொண்டதற்கு இதுவே முக்கியமான காரணம். கொட்டாஞ்சேனையிற் கோயிற் கீர்த்தனங்களையும் பழைய ஆங்கிலப் பாட்டுகளையும் வாசிக்க விரும்பும் அன்பருக்கோ இந்தத் தொல்லை கிடையாது. தண்டை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே நேராக வைத்து எந்த மெட்டில் மீட்டினாலும் ஒரு முழுமையான இசைவு அவருக்காகக் காத்திருக்கும்.

வயது முதிர்ந்தவருக்கு இது பொருந்தும் என்று நான் சொல்வதற்கு உடலைப் பற்றிய காரணங்களும் உண்டு. சாதாரணக் கிற்றார் கற்பவனின் முதல் மாதங்கள் விரல்நுனி வேதனையில் கழிகின்றன. மூட்டுவாதம் தொட்டுவிட்ட கைக்கு, நான்கு விரல்களை நான்கு திசைகளில் வளைத்து அழுத்துவது சித்திரவதை. ஸ்டீல் கிற்றாரில் அழுத்தமே கூடாது. ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள தண்டைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, ஆட்காட்டி விரலை அதன் முதுகிலே கிடத்தி, தந்தியின்மேல் மிதக்கவிட்டாற் போதும். ஸ்திரிக்கைப் பெட்டியின் பாரம் துணியின்மேல் தானே வேலை செய்வதுபோல, தண்டின் பாரம் தானே சுரத்தை எழுப்பும். அழுத்துபவருக்குத் தந்தி மெட்டிலே தட்டிக் கறகறக்கும். உட்காரும் முறையும் வயோதிகருக்கு அனுகூலமானது: கைப்பிடியில்லாத நாற்காலி, இரண்டு பாதங்களும் தரையில், முதுகு நிமிர்ந்த நிலை. செவியைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் வேண்டாதது. மூப்பினால் முதலில் மங்குவது மிக உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் சக்தி. இந்தச் சுருதியமைப்பின் ஆறு தந்திகளும் திறந்த நிலையில் எழுப்பும் சுரங்கள் செக்கனுக்கு 300 அதிர்வுகளுக்கு உட்பட்டவை. கண்ணைப் பற்றித்தான் எச்சரிக்கை தேவை. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் கீழ்த்தட்டு வழியாகச் சரிந்து நோக்கினால், தண்டு மெட்டின்மேல் நிற்பது போலத் தோன்றி உண்மையிற் பக்கத்தில் நிற்கும். தலையைத் தண்டுக்கு நேர்மேலே கொணர்ந்து பார்க்கப் பழகவேண்டும். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் பழகவேண்டும்.

சிரமங்கள் இல்லாமலில்லை. அவற்றுள் தலையாயது, வேண்டாத ஒலியை அடக்குவது. தண்டுக்கும் தலைப்பக்கத்துக்கும் இடையிலுள்ள தந்தித்துண்டும் தன் பாட்டுக்கு அதிர்ந்து ஒரு முனகலை உண்டாக்கும். அதனை அடக்குவதற்காக மோதிர விரலும் சுண்டுவிரலும் தண்டின் பின்னால் தந்திகளின்மேல் இலேசாகப் படிந்தபடியே கூடச் செல்லவேண்டும். தொடங்கும் நாட்களில் இவ்விரு விரல்களும் தாமாகவே ஆகாயத்தை நோக்கி எழுந்துவிடும். தண்டிலே மனம் குவிந்திருக்கும்போது அவற்றை யாரும் நினைப்பதில்லை. வலக்கையும் அப்படியே: ஒரு தந்தியை மீட்டிய பின் அடுத்ததை மீட்டுமுன், முந்தியதன் ஒலியை உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு நிறுத்தவேண்டும். நிறுத்தாவிட்டால் எல்லாச் சுரங்களும் ஒன்றன்மேலொன்று ஏறி இரைச்சலாகும். மீட்டுவதிலும் பார்க்க நிறுத்துவதற்கே இந்த வாத்தியத்தில் அதிகமான அப்பியாசம் தேவை என்று நான் சொன்னால், கற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.

இன்னொன்று, தண்டை ஆட்டும் ஆசை. ஹவாயி வாசிப்பிலுள்ள மெல்லிய நடுக்கம் அழகானதுதான்; கேட்டுப் பழகியவர்கள் முதல்நாளே அதைச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். சுரம் தன் இடத்தில் நில்லாதபோது, அகன்ற நடுக்கம் அந்தப் பிழையைப் போர்த்திவிடுகிறது. போர்த்திய பிழை திருந்துவதில்லை. நமது கம்பிதமும் ஜாருவும் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதற்கு வரையறை உண்டு. ஆகையால், ஆட்டாமல், அசைக்காமல், ஒரு சுரத்தில் ஒரு முழுமூச்சுக் காலம் தண்டை நிறுத்தக் கற்றபின்னரே கமகத்துக்குக் கை நீட்டவேண்டும். இளைஞருக்கு இந்தப் பொறுமையை உபதேசிப்பது கஷ்டம். ஓய்வு பெற்றவரிடம் காலை வேளைகள் இருக்கின்றன. ஒரே பஞ்சமத்தை அரைமணி நேரம் நாடிக்கொண்டிருப்பது அவருக்கு வீண்பொழுதாகத் தோன்றுவதில்லை.

விலையுயர்ந்த வாத்தியத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. வீட்டின் அலுமாரி உச்சியில், பேரனோ மகனோ கைவிட்டுப்போன உருக்குத் தந்திக் கிற்றார் ஒன்று தூசி படிந்து கிடக்குமானால் அதுவே போதும். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறிச்செல்லும் எலும்புத்துண்டின்மேல் மாட்டக்கூடிய உலோக உறையொன்று உண்டு. அதனை மாட்டியதும் தந்திகள் மெட்டுகளைத் தொடாத உயரத்துக்கு எழுந்துவிடும். சற்றுத் தடித்த தந்திகள் நல்லவை; மெல்லியவை தண்டின் பாரத்தில் தொய்யும். நைலோன் தந்தியுடன் கூடிய கிற்றார் இதற்கு உதவாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையோரத்து மாடிவீடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு: கடற்காற்றின் உப்பு, உருக்குத் தந்தியை வெகுவிரைவில் துருவேற்றிவிடும், துருவேறிய தந்தியில் தண்டு வழுகாது, உரசும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் அடியும் மேலும் சுற்றித் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடிவிடவேண்டும். கடலைப் பார்க்கும் சன்னலருகே சுவரில் மாட்டிவைப்பது கண்ணுக்கு அழகாயினும் தந்திக்கு ஆகாது.

குருவுக்கு எங்கே போவது என்பதே என்னிடம் கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி. இந்த வாத்தியத்துக்கென்றே ஓர் ஆசிரியர் அகப்படும்வரை காத்திருந்து வருஷங்களைக் கழித்துவிடுபவர்களைக் கண்டு நான் வருந்துகிறேன். தண்டைப் பிடிப்பதையும் ஒலியை அடக்குவதையும் நல்ல வாசிப்பாளரின் கைகளைக் காட்டும் படங்களைப் பார்த்தே பெருமளவுக்குக் கற்கலாம். சுரத்தைக் கற்பிப்பதற்கு வாய்ப்பாட்டு ஆசிரியை ஒருவர் போதும். அவர்களுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பஞ்சமில்லை. என் அயலிலுள்ள பாட்டு ரீச்சரிடம் நான் முதன்முதலாகக் கிற்றாருடன் போய் நின்றபோது, அந்தப் பெட்டியை அவர் சற்றே வியப்புடன் பார்த்துவிட்டு, "இதைப் பற்றி எனக்கொண்டும் தெரியாது, ஐயா. ஆனால் நான் பாடுறன், நீங்கள் முதல்லை திருப்பிப் பாடுங்கோ. வாயிலை வராதது கம்பியிலை வருமோ?" என்றார். "என்ரை குரல் பாடுற குரலில்லை, ரீச்சர்," என்றேன். "நான் குரலைக் கேக்கயில்லை, சுரத்தைத்தான் கேக்கிறன்," என்று பதில் வந்தது.

அன்று தொடங்கிய முறையே இன்றும் நடக்கிறது. அவர் ஒரு பிடியைப் பாடுவார். நான் மெல்லிய குரலில் அதனைத் திருப்பிச் சொல்வேன். பிறகு தண்டு அதனைத் தேடிச் செல்லும். தண்டு குறைவாக நின்றால் அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சுரத்தை மட்டும் பிடித்து நீட்டிக்கொண்டிருப்பார். அவருடைய குரலோடு கலக்கும்வரை நான் நகர்த்துவேன். எனக்குப் பின் வகுப்புக்குக் காத்திருக்கும் சிறுமிகள் சிலவேளைகளில் தாமும் சேர்ந்து அதே சுரத்தைப் பிடிப்பதுண்டு. சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசைக்கு வந்திருக்கிறோம். ஒரே சுரத்தை இரண்டுமுறை அடித்துச் சொல்லவேண்டிய ஜண்டையை, இரண்டாவது முறை தண்டைக் கீழிருந்து இலேசாக ஏற்றிச் சேர்த்தால் வாய்ப்பாட்டின் அழுத்தம் அப்படியே கிடைக்கிறது என்று சென்ற கிழமை ரீச்சரே கண்டுபிடித்துச் சொன்னார்.